ஒரே வீட்டில் இரண்டு சபை: கருத்து வேறுபாட்டில் சாந்தம் காப்பது எப்படி?

"பேரனுக்கு எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை" என்று ஒரு தாத்தா பேசத் தொடங்குவார். "அப்பா எங்கள் வீட்டில் கை நனைத்து ஐந்து மாதமாயிற்று" என்று மகன் இன்னொரு நாள் தனியே வந்து சொல்வார். குடும்ப ஆலோசனைப் பணியில் இந்த இரண்டு முறையீடுகளையும் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பெற்றோர் பரம்பரையாகத் தென்னிந்தியத் திருச்சபையிலோ லுத்தரன் சபையிலோ இருப்பவர்கள். பிள்ளை படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போன இடத்தில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கி, முழுக்கு ஞானஸ்நானம் (உடல் முழுவதும் நீரில் மூழ்கிப் பெறுவது) எடுத்திருப்பார். பிறகு நகையைக் கழற்றுவார். திருமணத்தில் தாலி வேண்டாம் என்பார். குழந்தை பிறந்ததும், அது வளர்ந்து தானே விசுவாசித்து ஞானஸ்நானம் எடுக்கட்டும் என்பார். ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டில் பேச்சு கொஞ்சம் குறையும். கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் அன்றோ, குழந்தையின் முதல் பிறந்தநாளிலோ வெடிக்கும்.

இரு தரப்பாரும் ஒரே வேதாகமத்தை வாசிக்கிறவர்கள். பணத்துக்காகச் சண்டை போடவில்லை, மனச்சாட்சிக்காகப் போடுகிறார்கள். அதனாலேயே புண் ஆற நாளாகிறது. நிலத்தகராறு என்றால் ஆளுக்குப் பாதி என்று முடித்துவிடலாம். ஞானஸ்நானத்தில் பாதியை யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது?

எது சரியான ஞானஸ்நானம் என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது என் வேலையுமல்ல. உங்கள் வீட்டில் இந்த வேறுபாடு தீராமலே இன்னும் இருபது ஆண்டு நீடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது ஆண்டும் கிறிஸ்தவத் தாழ்மையோடும் சாந்தத்தோடும் எப்படி வாழ்வது என்பதை மட்டும் பேசுவோம்.

முதலில், உள்ளே நடப்பது என்ன? பெரும்பாலும் பயம். கோபம் அதன் மேல் போர்த்திய துணி. தந்தையின் பயத்தைப் பாருங்கள். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஊர் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். தகப்பன், தாய் இருவரும் அந்த ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பார்கள். அங்கே இடம் பொதுவாக அந்தச் சபையின் அங்கத்தினருக்குத்தான். "உனக்கு ஒன்று ஆனால் எங்கே அடக்கம் பண்ணுவார்கள்?" என்று அவர் கத்தும்போது மிரட்டுவதாகத்தான் மகனுக்குக் கேட்கிறது. சாவுக்குப் பிறகும் பிள்ளை பக்கத்தில் இருக்க மாட்டானோ என்று ஒரு முதியவர் கலங்குவதாக அதைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் குரல் தானே தணியும்.

மகனின் பயம் வேறு விதம். தேவனுக்குக் கீழ்ப்படியவில்லையோ, அப்பாவைத் திருப்திப்படுத்த சத்தியத்தை விட்டுவிட்டோமோ என்ற பயம். வாழ்க்கையை மாற்றிய ஓர் அனுபவத்தை, குடிப்பழக்கத்திலிருந்தோ நீண்ட மனச்சோர்விலிருந்தோ எழுந்து வந்த அனுபவத்தை, வீட்டார் "கும்பலோடு சேர்ந்து கெட்டுப்போனாய்" என்று சொல்லும்போது அவனுக்கு வலிக்கிறது. அந்த வலியைப் பெற்றோர் பார்ப்பதில்லை. பிடிவாதத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பெரியவர் சொன்னதற்கு மாற்றாக ஒன்றைச் சொன்னாலே "எதிர்த்துப் பேசுகிறான்" என்பது நம் வழக்கு. கருத்தை மறுப்பதற்கும் ஆளை மதிக்காததற்கும் இடையே நம் பேச்சில் இடைவெளியே இல்லை. ஆகவே பிள்ளைகள் இரண்டே வழிகளைக் கற்றுக்கொள்கிறார்கள்: வாயை மூடிக்கொள்வது, அல்லது உடைத்துக்கொண்டு பேசுவது. நடுவில் இருக்கும் வழி பழக்கப்படவே இல்லை.

உடலும் இதில் பங்கெடுக்கிறது. அச்சுறுத்தலாக ஒன்று படும்போது அமிக்டாலா (மூளையில் ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் பகுதி) உடனே வேலை செய்கிறது. அட்ரினலின் (உடலைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராக்கும் சுரப்பு) இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. எதிரில் இருப்பவர் சொல்வதன் பொருளைப் பிடிக்கும் திறன் அந்த நேரத்தில் குறைந்துபோகிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் தம்பதிகள் ஒருவர் சொல்வதை ஒருவர் சரியாகக் கேட்பதில்லை என்று குடும்ப உறவுகளை ஆராய்ந்த ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்கிறார். குறைந்தது இருபது நிமிடம் விலகியிருக்கச் சொல்கிறார். அந்த நிலையில் எத்தனை வசனம் சொன்னாலும் காதில் ஏறாது. சொல்பவருக்கும் தான் என்ன சொல்கிறோம் என்பது பாதிதான் தெரியும். இது விசுவாசக் குறைவு இல்லை, உடலின் இயல்பு. இதற்காகக் குற்ற உணர்வு கொள்ளாதீர்கள். ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் சபைகளில் அதைப் பேசாமடந்தையாக இருப்பது என்று ஆக்கிவிட்டோம். மெல்லப் பேசும் பெண்ணையும், எதற்கும் தலையாட்டும் வாலிபனையும் சாந்தகுணம் உள்ளவர்கள் என்கிறோம். புதிய ஏற்பாட்டில் சாந்தத்துக்கு நிற்கும் கிரேக்கச் சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த சொல்லை, கிறிஸ்துவுக்கு முன்பே அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் எடுத்து விளக்கியிருக்கிறார். தொட்டதற்கெல்லாம் கொதிப்பது ஒரு கோடி. கோபப்பட வேண்டிய இடத்திலும் கோபமே வராதது இன்னொரு கோடி. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு அவர் வைத்த பெயர் அது. ஆகவே சாந்தம் பலவீனத்தின் பெயராக ஒருநாளும் இருந்ததில்லை.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். மோசே பூமியில் யாரையும்விட மிகுந்த சாந்தமுள்ளவன் என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. எந்த இடத்தில்? சொந்த அக்காவும் அண்ணனும், மிரியாமும் ஆரோனும், அவன் மணந்த எத்தியோப்பியப் பெண்ணைக் காரணம் காட்டி அவனுக்கு விரோதமாகப் பேசும் இடத்தில். வீட்டுச் சண்டை, மருமகள் விஷயம்! அந்தச் சந்தர்ப்பத்தில்தான் வேதம் அவன் சாந்தத்தைச் சொல்கிறது. மிரியாமுக்குத் தொழுநோய் வந்தபோது அவளுக்காக மன்றாடியதும் அவனே. இதே மோசே கற்பலகைகளை எறிந்து உடைத்தவன். பார்வோனுக்கு முன் நின்று பேசியவன். பிரதான ஆசாரியனுக்கு முன் கன்னத்தில் அறை வாங்கிய இயேசுவும் வாய்மூடி நிற்கவில்லை. பேசியதில் என்ன தப்பு என்று காட்டச் சொல்லி, தப்பில்லையென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். நிதானமான ஒரு கேள்வி. திருப்பி அடிக்கவுமில்லை, பணிந்து போகவுமில்லை.

தாழ்மைக்கும் இதுபோல ஒரு விளக்கம் வேண்டும். "நான் ஒன்றுமில்லாதவன், எனக்கு என்ன தெரியும்" என்று வாயால் சொல்வது தாழ்மை ஆகாது. இந்த விஷயத்தில் நான் காணாதது ஏதாவது இருக்கக்கூடும் என்று மெய்யாகவே ஒப்புக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் கேட்பதுதான் அது. கேட்டபிறகும் உங்கள் முடிவு மாறாமல் இருக்கலாம். தடையில்லை.

இனி அடையாளங்கள். உங்கள் வீட்டில் வேறுபாடு நோயாக முற்றிவிட்டதா என்று எப்படி அறிவது? குரல் உயர்வதை வைத்துக் கணக்கிடாதீர்கள். சத்தம் போட்டுப் பேசி, சேர்ந்து சாப்பிடும் குடும்பங்கள் பல உண்டு. நான் முதலில் கேட்பது குடும்ப ஜெபத்தைப் பற்றி. மகன் வந்திருக்கும் இரவில், "ஆண்டவரே, வழிதப்பிப் போன பிள்ளையின் கண்களைத் திறந்தருளும்" என்று அப்பா உரக்க ஜெபிக்கிறாரா? "பாரம்பரியத்தில் கட்டுண்டு கிடக்கிறவர்களை விடுவியும்" என்று மகன் பதிலுக்கு ஜெபிக்கிறானா? இருவரும் தேவனிடம் பேசுவதுபோல ஒருவரையொருவர் அடிக்கிறார்கள். ஜெபத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் இந்த அடி ஆழமாக விழுகிறது. இது உங்கள் வீட்டில் நடந்தால், வியாதி முற்றியிருக்கிறது என்று வையுங்கள்.

சாப்பாடு இன்னொரு அடையாளம். "இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்" என்று வருகிறவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார் என்றால் கவனியுங்கள். பல் துலக்கும்போதும் பேருந்திலும் எதிராளி இல்லாமலே மனத்துக்குள் வாதம் நடக்கிறதா, அதில் நீங்களே எப்போதும் ஜெயிக்கிறீர்களா என்று பாருங்கள். மற்றவரின் சபையில் ஏதாவது ஒரு குறை வெளியே வந்தால், காணிக்கைப் பணத்தில் தகராறு, போதகர் மேல் வழக்கு என்று ஏதாவது, உள்ளுக்குள் ஒரு சிறு சந்தோஷம் எழுகிறதா? அதை ஒப்புக்கொள்வது கஷ்டம். ஆனால் அதைப்போலத் தெளிவான அடையாளம் வேறில்லை. தூக்கம் கெடுவதும், இரத்த அழுத்தம் ஏறுவதும், ஞாயிற்றுக்கிழமை நெருங்கும்போதெல்லாம் தலைவலிப்பதும் உடல் சொல்லும் அடையாளங்கள். அவற்றுக்கு மருத்துவரையும் பாருங்கள்.

இந்த அடையாளங்களில் இரண்டு மூன்று இருந்தாலும் பதற வேண்டாம். "குடும்பமே உடைந்துவிட்டது" என்று கண்ணீரோடு வருகிறவர்களின் குடும்பம் பெரும்பாலும் உடைந்திருப்பதில்லை. பேச்சு மட்டும்தான் நின்றிருக்கிறது. ஆனால் இந்த நேரத்தில் அவசர முடிவுகள் எடுக்காதீர்கள். கோபத்தில் உயிலை மாற்றி எழுத வேண்டாம். தனிக்குடித்தனம் போவதென்றாலும் சண்டைக்கு மறுநாளே வீடு பார்க்கப் போக வேண்டாம். மூன்று மாதம் பொறுத்து எடுத்தாலும் சரியான முடிவு சரியான முடிவாகவே இருக்கும்.

செய்ய வேண்டியதற்கு வருவோம். நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டு மேசை இந்தப் பேச்சுக்கு மிக மோசமான இடம். இருவரும் அப்போதுதான் அவரவர் ஆலயத்தில் பிரசங்கம் கேட்டு வந்திருப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேலும் வேண்டாம். பேச்சு சூடேறினால் எழுந்து போய்விடாமல், சொல்லிவிட்டு விலகுங்கள்: "இப்போது என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை. சாயங்காலம் காப்பி குடித்தபிறகு பேசலாம், அப்பா." இதில் கடைசிப் பாதி முக்கியம். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் எழுந்து போனால் அது அவமதிப்பாகிவிடும். சொன்ன நேரத்தில் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது, நான் சொல்வதிலேயே கடினமானது. மற்றவரின் நிலைப்பாட்டை, "ஆமாம், நான் சொல்வது அதுதான்" என்று அவரே ஒப்பும்படி உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒப்பும் வரை உங்கள் பதிலைத் தொடங்காதீர்கள். மகன் இப்படிச் சொல்லலாம்: "அப்பா, நாம் தேவனைத் தேடுவதற்கு முன்பே அவர் நம்மைத் தேடினார், அதன் அடையாளமாகத்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்கிறீர்கள். பிள்ளை வளர்ந்தபின் திடப்படுத்தலில் (ஆயத்த வகுப்புக்குப் பின் பேராயர் கைவைத்து ஜெபிக்கும் சடங்கு) தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்கிறது. சரியாகச் சொன்னேனா?" தந்தை இப்படிச் சொல்லலாம்: "தம்பி, ஞானஸ்நானம் என்பது மனந்திரும்பி விசுவாசித்தவன் எடுக்கும் முடிவு, குழந்தையால் அந்த முடிவை எடுக்க முடியாது என்கிறாய். அதனால் உன் பார்வையில் நீ எடுத்தது முதல் ஞானஸ்நானம், இரண்டாவது அல்ல. அப்படித்தானே?" இவ்வளவு பேசினாலே பாதி வீடுகளில் தொனி மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் கொள்கையை விடவில்லை. ஆனால் தான் புரிந்துகொள்ளப்பட்டதாக ஒரு மனிதருக்குப் பட்டது.

சொற்களில் கவனம் வையுங்கள். "மறுஞானஸ்நானம்" என்ற சொல் தந்தைக்கு வெறும் விவரம். மகனுக்கோ அது குற்றச்சாட்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரத்தமும் இருக்கிறது. 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சிலர், குழந்தையில் பெற்றதை ஞானஸ்நானமாகக் கொள்ள முடியாது என்று சொல்லி விசுவாச ஞானஸ்நானம் எடுத்தார்கள். எதிராளிகள் அவர்களை மறுஞானஸ்நானக்காரர் என்று அழைத்தார்கள். அவர்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. 1527 ஜனவரி 5ஆம் தேதி அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸைச் சூரிக் நகர மன்றம் லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்கள் வேறு மதத்தவர் இல்லை, சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். 2010 ஜூலையில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, அந்தக் காலத்தில் லுத்தரன்களும் செய்த கொடுமைகளுக்காக, துன்புறுத்தப்பட்டவர்களின் வழிவந்த மெனனைட் கிறிஸ்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. குழந்தை ஞானஸ்நானம் பற்றிய தன் போதனையை லுத்தரன் சபை அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை. கொள்கையை வைத்துக்கொண்டே செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டை நான் அறியேன். மறுபக்கத்தில் "தண்ணி தெளிச்சதெல்லாம் ஞானஸ்நானமா", "ஆவியில்லாத சபை" போன்ற பேச்சுகளை மகனும் மருமகளும் அறவே விட வேண்டும். அந்தத் தண்ணீரை வாங்கிய நாளில்தான் அம்மா தன் பிள்ளைக்கு வேதப் பெயரை வைத்தாள்.

மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "நான் பேசியது உன்னைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்" என்பதில் மன்னிப்பே இல்லை. புண்பட்டது உன் குறை என்ற தொனிதான் இருக்கிறது. "ஈஸ்டர் அன்று உன் மனைவி முன்னால் உன் சபையைக் கும்பல் என்று சொன்னேன். அது தப்பு" என்று நாளையும் சொல்லையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பின்னால் "ஆனாலும்" என்று ஒட்டாதீர்கள்.

இப்போது குறுக்குவழிகள். இவற்றில் எதுவும் வேலை செய்வதில்லை. சில பெரும் கேடு செய்கின்றன. பெற்றோருக்குத் தெரியாமல் பேரப்பிள்ளையை ஊருக்குத் தூக்கிப்போய் ஆயரிடம் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்வது அவற்றில் முதலாவது. பாட்டியின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இது தெரியவரும் நாளில் மகன் வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். பிள்ளைக்காக முடிவெடுக்கும் பொறுப்பு பெற்றோருடையது. உங்கள் ஆசையை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். அவர்கள் தங்கள் சபையில் பிள்ளைப் பிரதிஷ்டை (குழந்தையைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கும் ஜெபம்) வைத்தால் போய் உட்காருங்கள். போவதால் உங்கள் கொள்கை குறைந்துவிடாது.

வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பார்ப்பது, வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தைத் தீர்ப்பாக வைப்பது, "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று சொல்லி வாதத்தை முடிப்பது, இவையும் குறுக்குவழிகளே. கடைசியாகச் சொன்னது குறிப்பாக ஆபத்தானது. அதற்கு மேல் எதிரில் இருப்பவர் பேசினால் தேவனோடு வாதாடுவதாகிவிடும். எதிராளி "உடைய" வேண்டும் என்று உபவாசம் இருப்பதும் உதவாது. உபவாசம் இருப்பதானால் உங்கள் வாய்க்காக இருங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி இருவரையும் கைகுலுக்க வைத்துப் படம் எடுப்பது அன்று மாலைவரைதான் தாங்கும்.

பேச்சை வெளியே கொண்டுபோவது எல்லாவற்றிலும் பெரிய கேடு. மத்தேயு 18ஆம் அதிகாரம் வரிசையை எளிதாகத் தருகிறது: முதலில் தனித்து அவரிடம், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதன்பிறகே சபைக்கு. நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் உறவினர் வாட்ஸ்அப் குழு, பிறகு ஜெபக்குழுவில் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில், கடைசியாகவே சம்பந்தப்பட்டவரிடம். மகன் தனியாக அனுப்பிய குரல்பதிவை அத்தைக்கு அனுப்பிவைக்கிற தகப்பன், அது இன்னும் எட்டு வீடுகளுக்குப் போகும் என்று நினைப்பதில்லை.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இப்படி ஒன்று நடந்தது. ஜான் வெஸ்லி, ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற இரு பிரசங்கிகள் ஆக்ஸ்ஃபோர்டு நாள்களிலிருந்தே நண்பர்கள். முன்குறித்தல் (இரட்சிக்கப்படுபவர்களைத் தேவன் முன்னதாகவே தெரிந்துகொண்டார் என்ற போதனை) பற்றி இருவருக்கும் கடும் வேறுபாடு. 1739இல் வெஸ்லி அதை எதிர்த்துப் பிரசங்கம் செய்து அச்சிட்டும் விட்டார். ஒயிட்ஃபீல்டு அவருக்கு எழுதிய தனிப்பட்ட கடிதம் ஒன்றை யாரோ அனுமதியில்லாமல் அச்சடித்து, 1741 பிப்ரவரி 1ஆம் தேதி லண்டனில் வெஸ்லியின் கூடத்து வாசலிலேயே விநியோகித்தார்கள். வெஸ்லி ஒரு பிரதியை வாங்கி, பிரசங்கம் முடிந்ததும் சபைக்கு நடந்ததைச் சொல்லி, ஒயிட்ஃபீல்டு இங்கே இருந்தால் என்ன செய்வாரோ அதையே செய்கிறேன் என்று அதைக் கிழித்துப் போட்டார். கடிதம் வாங்கியிருந்த எல்லோரும் அப்படியே கிழித்தார்கள். அதற்குப் பிறகும் அவர்களுக்குள் கசப்பு வராமல் இல்லை; அந்த ஆண்டிலேயே இருவர் கூட்டங்களும் பிரிந்தன. வேறுபாடு கடைசிவரை தீரவுமில்லை. ஆனால் 1770இல் ஒயிட்ஃபீல்டு அமெரிக்காவில் இறந்தபோது, நவம்பர் 18ஆம் தேதி லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். உங்கள் கைப்பேசிக்கு வரும் அந்தப் பதிவை அனுப்புவதா, கிழிப்பதா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

வேறுபாட்டோடு ஒரு கூரையின்கீழ் வாழ முடியுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானது. அதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் ஒன்றாக உட்கார 28 ஆண்டு பேசினார்கள். 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையிலோ பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாச ஞானஸ்நானத்தையும் அந்தச் சபை இரண்டு முறைகளாக ஏற்று நடத்துகிறது. உங்கள் வீட்டில் இரண்டு வருடத்தில் முடியவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம்.

ஆயரையோ பாஸ்டரையோ நடுவில் வைப்பதானால், ஒரு சபைக்காரரை மட்டும் கூப்பிடாதீர்கள். இரு தரப்பும் நம்பும் ஒரு சித்தப்பா, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் போதும். அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஒரு எல்லையை அழுத்திச் சொல்ல வேண்டும். சாந்தம் என்ற பெயரில் பொறுத்துக்கொள்ளக் கூடாதவை உண்டு. சபை மாறியதற்காக மகளை அறையில் பூட்டுவது, கைப்பேசியைப் பறிப்பது, விருப்பமில்லாத கல்யாணத்துக்கு நெருக்குவது, மனைவியை அடிப்பது, இவை கருத்து வேறுபாடு ஆகா. அடிபடும் பெண்ணிடம் "கீழ்ப்படிந்து சாந்தமாயிரு" என்று சொல்லும் போதகர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் தவறு செய்கிறார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளைப் பாதுகாக்கிறது. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. விசுவாசத்தில் சுகமாகும் என்று சொல்லி இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்துவதையும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். சாதியும் இப்படித்தான். வடக்கன்குளம் என்ற ஊரில் கிறிஸ்தவ ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து மக்களைப் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அந்தச் சுவருக்கு இருபுறமும் சமாதானமாக இருப்பதைச் சாந்தம் என்று யாராவது சொல்லியிருந்தால், அது பொய்.

இவை எதுவும் உங்கள் வீட்டில் இல்லை, ஞானஸ்நானமும் நகையும் தாலியும் மட்டும்தான் என்றால், கடைசியாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று மிச்சம்: முதலில் யார் பேசுவது? நான் பெரியவன், மகன் வரட்டும் என்கிறார் தந்தை. புண்படுத்தியவர் வரட்டும் என்கிறான் மகன். பிலிப்பியில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு சபைப் பெண்களுக்கு இடையே பிணக்கு. பவுல் தம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இருவரையும் தனித்தனியே பெயர்சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். யார் மேல் தப்பு என்று எழுதவில்லை. அவர்களுக்கு உதவும்படி மூன்றாவது ஒருவரையும் கேட்கிறார். சண்டை எதைப் பற்றி என்பதுகூட நமக்குத் தெரியாமல் போயிற்று.

ஆகவே இதை வாசித்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால், நீங்களே கூப்பிடுங்கள். இன்று சாயங்காலமே கூப்பிடுங்கள். ஞானஸ்நானம் பற்றி இன்று ஒரு வார்த்தையும் வேண்டாம். குழந்தைக்குச் சளி விட்டதா, அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வருகிற ஞாயிறு அவரவர் ஆலயத்துக்குப் போய்வந்தபின் மத்தியானம் சாப்பிட வரச் சொல்லுங்கள். அவர்கள் அழைத்தால் போய்ச் சாப்பிடுங்கள்.